அட்மிஷன் கவுன்டர் கணினி

திருப்பதியில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் ஆறு வருடம் உதவியாளராக இருந்தேன். நாற்பது கணினிகள், எல்லாம் பழசு. மாணவர்கள் இல்லாத நேரத்தில் அவை சும்மா ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. அப்படித் தேடும்போதுதான் தன்னார்வக் கணிப்பு என்று ஒன்று இருப்பது தெரிந்தது. வானொலித் தொலைநோக்கிகள் பதிவு செய்யும் சமிக்ஞைகளைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரித்து, உலகம் முழுக்க விருப்பப்பட்டவர்களின் கணினிகளுக்கு அனுப்புகிறார்கள். நம் கணினி ஓய்வாக இருக்கும்போது அந்தக் கணக்கைப் போட்டு விடையைத் திருப்பி அனுப்பும். யாரும் பார்த்திராத விண்மீன் ஒன்று அதில் அகப்படலாம். கூலி கிடையாது. பெயருக்கு நேரே புள்ளிகள் ஏறும், அவ்வளவுதான்.

துறைத்தலைவரிடம் அனுமதி கேட்டேன். "செய்யம்மா, நல்ல விஷயம்தானே" என்றார். எழுத்தில் எதுவும் இல்லை, வாய்வார்த்தைதான். கல்லூரி பெயரில் ஒரு அணி தொடங்கினேன். இரண்டு வருடத்தில் புள்ளிகள் மளமளவென்று ஏறின. ஒரு நாள் அவர் ரெக்கார்டுக்கு வேண்டும் என்று கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் பார்த்தால் என் பெயர் இருந்த இடத்தில் அவர் பெயர். கல்லூரி மலரில் அவர் போட்டோவோடு கட்டுரையும் வந்தது. அதை எப்படியோ விழுங்கிவிட்டேன்.

பிறகு நடந்ததை விழுங்க முடியவில்லை. ஒரு மத்தியானம் ஆய்வகத்தில் வயர் கருகிப் புகை வந்தது. நிர்வாக அதிகாரி வந்து, ஆளில்லாத நேரத்தில் இத்தனை கணினிகள் ஏன் ஓடுகின்றன என்று கேட்டார். துறைத்தலைவர் என் பக்கம் திரும்பி, "எவரு செப்பாரு நீக்கு?" என்று கத்தினார். யார் சொல்லிச் செய்தாய் என்று என்னையே கேட்கிறார்! புகையைக் கண்டு ஓடி வந்த பிள்ளைகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் முகத்தில் துளிக் கூச்சம் இல்லை. என்னிடம் மன்னிப்புக் கடிதம் வாங்கி, மறுநாளே அட்மிஷன் கவுன்டருக்கு மாற்றினார்கள். வயரிங்கைச் சரிசெய்த பிறகு அதே நாற்பது கணினிகளில் அதே கணக்கு மறுபடி ஓடத் தொடங்கியது, அவர் பெயரில்.

வீட்டுக்குத் திரும்பும் புத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு நோட்டின் முதல் பக்கத்தில் அவருடைய புள்ளிகளை எழுதினேன். இதைத் தாண்டாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். விண்மீனெல்லாம் அப்போது என் நினைவிலேயே இல்லை. உண்மையைச் சொல்வதில் வெட்கமில்லை, அந்த ஆள் பெயருக்கு மேலே என் பெயர் நிற்க வேண்டும், அது போதும்.

அந்த ஆய்வகத்தின் பலவீனம் என்னைவிட யாருக்குத் தெரியும்? ஒன்பது மணிக்குத் திறக்கும், ஐந்து மணிக்கு மெயினை அணைத்துவிடுவார்கள். ஞாயிறு கிடையாது, பிரம்மோற்சவத்துக்கு லீவு, பரீட்சை வந்தால் மொத்தமும் நிற்கும். நான் கட்டப்போகும் கணினிக்கு லீவே கிடையாது. வீடியோ கேம் ஆடுபவர்கள் வாங்கும் கிராபிக்ஸ் கார்டு ஒன்று இருந்தால், இந்த வகைக் கணக்கில் அந்த நாற்பது கிழங்களையும் அது ஒண்டியாகவே அடித்துவிடும். நோட்டில் பக்கம் பக்கமாக எழுதினேன். எந்தக் கார்டு, அதற்கு எவ்வளவு மின்சாரம், எந்தப் பெட்டியில் காற்று நன்றாகப் போகும், கரண்ட் போனால் விட்ட இடத்திலிருந்து கணக்கு தொடருமா. பிராசஸர் சாதாரணமாக இருந்தால் போதும். பவர் சப்ளை மட்டும் மட்டமாக இருக்கக் கூடாது.

எங்கள் வீட்டில் கரண்டை மண்ணில் இறக்கும் எர்த் சரியில்லை. நைனாவிடம் சொன்னேன். அப்பா கரும்புத் தோட்டத்தில் மோட்டாரோடு மல்லுக்கட்டியே பழகியவர்.

"இன்னாம்மா, போர் மோட்டாருக்குக் கேக்கற மாதிரி எர்த்து கேக்கற? இத்த வெச்சினு இன்னா பண்ணப் போற?"

நடந்ததை முதல் முறையாக அவரிடம் சொன்னேன். கடிதம் எழுதிக் கொடுத்ததையும் சொன்னேன். துண்டை உதறித் தலையில் கட்டினார். பிறகு கடப்பாரையை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார். சாயங்காலத்துக்குள் குழி தயார். உப்பும் கரியும் போட்டு மூடும்போது, "அவன் நூறு மிசின் வெச்சிகினாலும் நீ உடாத" என்றார்.

சென்னைக் கடையிலிருந்து ஒரு பழைய கார்டு வந்தது. பாகங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் உட்கார்ந்து நானே பூட்டினேன். தன்னார்வக் கணிப்பில் புதிதாகப் பதிவு செய்து, பெயர் கேட்ட இடத்தில் என் பெயரைப் போட்டு, பக்கத்தில் 'அட்மிஷன் கவுன்டர்' என்றும் சேர்த்தேன். அணி எது என்று கேட்டது. அதே கல்லூரி அணியைத்தான் தேர்ந்தெடுத்தேன்.

ஆத்திரத்தில் ஒரு தப்பும் செய்தேன். சீக்கிரம் எட்டிப் பிடிக்க, கார்டின் வேகத்தை அளவுக்கு மேல் முடுக்கிவிட்டேன். ஒவ்வொரு பொட்டலத்தையும் இரண்டு பேருக்கு அனுப்புவார்கள், இரண்டு விடையும் ஒத்துப்போனால்தான் புள்ளி. என் விடைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளுபடியாயின. எந்த நாட்டிலோ என் ஜோடியாக இருந்தவர் சரியாகப் போட்டிருந்தார், நான்தான் குப்பையை அனுப்பியிருந்தேன். அவமானமாக இருந்தது. வேகத்தை, முதலில் இருந்த அளவைவிடவும் கீழே இறக்கினேன். சூடும் குறைந்தது, விடையும் சரியாக வந்தது.

ஐந்து மாதம் ஆனது. கவுன்டரில் விண்ணப்பங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டே இடைவேளையில் போனில் அந்தப் பட்டியலைப் பார்ப்பேன். தை பிறந்து இரண்டாவது வாரம் அவரைத் தாண்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. அவருக்கு அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கும் வழக்கம் இல்லை என்பது எனக்குத் தெரியும். கல்லூரியைப் பார்வையிட வெளியிலிருந்து ஆய்வுக் குழு வரப்போகிறது என்பதும் தெரியும்.

குழு வந்த அன்று சேர்க்கைப் பதிவேடுகளோடு என்னையும் கருத்தரங்கக் கூடத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நான் எதிர்பார்த்தபடியே துறைத்தலைவர் தன் அணியைப் பற்றிப் பேசிவிட்டு, பெரிய திரையில் அந்தப் பக்கத்தைத் திறந்தார். இரண்டாவது வரியில் அவர் பெயர். முதல் வரியில் நான்.

குழுவில் இருந்த ஒரு அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "அட்மிஷன் கவுன்டரா? யார் இது?"

துறைத்தலைவர் வாயைத் திறந்து மூடினார். "ஸ்டூடன்ட்... நம்ம ஸ்டூடன்ட்தான்."

"நான்தான் மேடம்" என்றேன். "இந்த அணியைத் தொடங்கினதும் நான்தான். இப்ப என் கணினி வீட்டுல ஓடிக்கிட்டிருக்கு."

அந்த அம்மா என்ன கார்டு, சூட்டை எப்படிச் சமாளிக்கிறாய் என்று கேட்க, நான் நின்றபடியே பதில் சொன்னேன். துறைத்தலைவர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகித் திறந்துகொண்டிருந்தார். அவரைக் காப்பாற்ற எனக்கு ஒரு வார்த்தை போதும், உங்கள் ஆதரவோடுதான் சார் என்று. சொல்லவில்லை.

என்னை ஆய்வகத்துக்குத் திருப்பி அனுப்பவில்லை. மறுநாள் அவர் என்னை அணியிலிருந்து நீக்கினார். என் புள்ளிகள் என்னோடு வந்துவிட்டன, அணிக்கு இப்போது அவர் மட்டும்தான். வருத்தம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

குழு வந்த அன்று ராத்திரி நைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது.

"அந்தம்மா கேட்டப்ப அவன் மூஞ்சி எப்டி இருந்துச்சி?"

சொன்னேன். வாயைத் திறந்து மூடியதை நடித்தும் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்துவிட்டு, "இன்னொரு வாட்டி சொல்லு" என்றார்.