மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள்

நான் சேலையூரில் வசிக்கும் பள்ளி ஆசிரியை. குரோம்பேட்டையில் ஒரு மாடியில் நடந்த ஷேர் டிரேடிங் வகுப்பில் சேர்ந்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதியவர்களுக்கான இலவச அறிமுகக் கூட்டத்துக்கு வரும்படி பயிற்சியாளர் அழைத்தார். போனதும் என்னை மேடையில் ஏற்றி, "இவங்க ஸ்கூல் டீச்சர். நம்மகிட்ட கத்துக்கிட்டு இப்ப மாசாமாசம் லாபம் பாக்குறாங்க" என்று சொல்லி, மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்.

எனக்கு அதுவரை நஷ்டம்தான். இறங்கிப் போகலாமென்றால், வாசல் அத்தனை பேருக்கும் பின்னால் இருந்தது. அவரோ என்னை ஒட்டி நின்றுகொண்டு, "சொல்லுங்க டீச்சர், கூச்சப்படாதீங்க" என்று சிரித்தார்.

முன்வரிசையில் காக்கிச் சட்டையோடு இருந்தவர் எழுந்தார். "டீச்சர், நெஜமாவே காசு வருதா? நீங்க சொன்னா, ஆட்டோவ வித்துட்டு இதுல எறங்கலாம்னு கீறேன்."

"விக்காதீங்கண்ணா. எனக்கு இதுவரைக்கும் ஒரு லாபமும் வரல" என்று சொல்லிவிட்டேன்.

பயிற்சியாளர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு, "டீச்சருக்குக் கொஞ்சம் டென்ஷன்" என்று சமாளித்தார். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு படியிறங்கினேன். பின்னாலேயே வந்த ஆட்டோக்காரர், "ஏறுக்கா, வூட்ல வுட்டுடறேன்" என்றார்.

அந்த வகுப்புக்கு நான் திரும்பப் போகவில்லை. இப்போதெல்லாம் எந்த வகுப்பானாலும், மேடையில் புகழ்ந்து பேசியவரைத் தனியாகச் சந்தித்து, "உங்கள யாரு பேசச் சொன்னாங்க?" என்று கேட்கிறேன். பதில் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் சேருவதா என்று முடிவு செய்கிறேன்.