அக்காவுக்கு ஆதாரம் இல்லை

தொண்ணூறுகளின் நடுவில் மலாக்கா டவுனில் ஒரு சின்னத் தனியார் கல்லூரியில் டிப்ளோமா படித்தேன். இரண்டாம் தவணையில் ஆய்வுக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு தமிழ் விரிவுரையாளர். கட்டுரை மலாயில் இருக்க வேண்டும், தலைப்பு நம் விருப்பம். தோட்டத்துப் பிள்ளைகள் ஏன் பாதியில் படிப்பை விடுகிறார்கள் என்பதை எடுத்துக்கொண்டேன். தேடி அலைய வேண்டாம் என்று நினைத்தேன். பாதியில் விட்டவள் எங்கள் வீட்டிலேயே இருந்தாள், என் அக்கா.

லூபோக் சீனா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருந்த காலத்தில், மஸ்ஜித் தானாவிலிருந்த இடைநிலைப் பள்ளிக்கு அவள் தோட்டத்து லோரியில் போய்வந்தாள். தோட்டம் கைமாறியதும் புது நிர்வாகம் லோரியை நிறுத்திவிட்டது. பஸ் பிடிக்க வேண்டுமானால் விடியுமுன் பால் மரங்களுக்கு நடுவே மெயின் ரோடு வரை நடக்க வேண்டும். அப்பா ஆபீஸுக்குப் போய் லோரி கேட்டார். "பார்க்கலாம்" என்றார் அங்கே கணக்கெழுதும் கிராணி. திரும்பத் திரும்பப் போனதில் ஒருநாள் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு அப்பாவே அவளை சைக்கிளில் ரோடு வரை கொண்டுபோய் விட்டார். ஆனால் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அன்றைக்கு வேலை கிடையாது. அப்படிப் பல நாள் வெறுங்கையோடு திரும்பி வந்தார். அதைப் பார்த்துவிட்டு அக்காவே "போதும்பா" என்று சொன்னாள். அப்போது அவள் பாரம் டூ, அதாவது எட்டாம் வகுப்பு.

இதையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதிக் கொடுத்தேன். விரிவுரையாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். தாளெல்லாம் சிவப்பு மை. வேறு யாரும் இல்லாததால் தமிழில் பேசினார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கம்மா. ஆனா சும்பேர் எங்க?"

சும்பேர் என்றால் ஆதாரம். வகுப்பில் அந்த மலாய்ச் சொல்லைத்தான் எந்நேரமும் சொல்லிக்கொண்டிருப்பார்.

"எங்க அக்கா சார். நானே பக்கத்துல இருந்து பார்த்தது."

"அக்கா எந்தப் புத்தகத்துல எழுதியிருக்காங்க? எத்தனையாவது பக்கம்?" கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அப்படித்தான் கேட்டார். "இது கதைலா. ஆய்வு இல்ல."

நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார், அதை மறுக்க முடியாது. ஒரு குறிப்புக்கு ஒரு அட்டை. எழுதியவர் பெயர், ஆண்டு, பக்கம். அவர் வார்த்தையை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறி. நம் வார்த்தையில் சொன்னாலும் பெயரைப் போட்டுவிட வேண்டும். கல்லூரி நூலகத்தில் தோட்டங்களைப் பற்றி இருந்ததே நாலைந்து புத்தகங்கள். மேசையில் பரப்பிவைத்து அட்டை அட்டையாக எழுதினேன். எல்லாவற்றிலும் ஒரே விஷயம் வந்துகொண்டிருந்தது: தோட்டத்துப் பெற்றோருக்குப் பிள்ளைகளின் படிப்பில் அக்கறை கிடையாது. ஒரு புத்தகம் அதற்கு இன்னொன்றை ஆதாரம் காட்டியது, அது வேறொன்றைக் காட்டியது. எல்லாவற்றிலும் பழைய புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அதில் அந்த வரிக்குக் கீழே எந்த ஆதாரமும் இல்லை.

புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு விரிவுரையாளரிடம் ஓடினேன். "சார், இவருக்கு யாரு சும்பேர்?"

வாங்கிப் பார்த்தார். "அவரு நேர்ல போய்ப் பார்த்திருக்காரு."

"நானும் நேர்லதானே சார் பார்த்தேன்?"

"நீ மாணவிம்மா."

அந்த வரியைப் பெயரோடும் ஆண்டோடும் பக்கத்தோடும் எழுதி, அதன் கீழே, எல்லாக் குடும்பங்களும் அப்படியில்லை என்று அப்பாவைப் பற்றி ஒரு பத்தி சேர்த்தேன். ஆதாரமில்லை என்று அந்தப் பத்தியை அடித்துவிட்டார். புத்தக வரி மட்டும் மிஞ்சியது. கட்டுரைக்கு ஏ கிடைத்தது. எப்படி எழுத வேண்டும் என்பதற்கு மாதிரியாக அதையே வகுப்பில் தூக்கிக் காட்டினார்.

அப்போது நாங்கள் புக்கிட் ரம்பாயில் மலிவு விலை வீட்டுக்கு வந்துவிட்டிருந்தோம். அப்பாவுக்கு வாட்ச்மேன் வேலை. அக்கா பேக்டரியில் ஷிப்ட் வேலை பார்த்தாள், என் கல்லூரிக் கட்டணத்தில் பெரும்பகுதி அவளுடையது. வேலை விட்டு வந்தவள் மேசைமேல் இருந்த கட்டுரையை எடுத்தாள். அவளுக்கு மலாய் நன்றாக வரும்.

"ஏ எடுத்திருக்கியா? நம்ம தோட்டத்தப் பத்தியா?" என்று காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள். முகமெல்லாம் சிரிப்பு. மூன்றாவது பக்கத்தில் அவள் விரல் நின்றது. அந்த மலாய் வரியை மெல்ல வாய்விட்டுப் படித்தாள்.

"இத யாரு சொன்னது?"

"ஒரு புக்குலக்கா. ஆதாரம் இல்லாம எதையும் எழுதக்கூடாதாம்."

"அப்பா பெரட்டுக்கு லேட்டாப் போயி, வேலையில்லாம திரும்பி வந்தாரே. அது?"

"எழுதினேன்க்கா. அடிச்சிட்டாரு."

வெளியே அப்பா யாரிடமோ பேசிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. அக்கா கட்டுரையை மடித்து என் கையில் கொடுத்தாள். "அப்பாகிட்ட காட்டாத" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

கடைசி வருஷத்தில் நேர்காணலும் ஆதாரம்தான் என்று கற்றுக்கொடுத்தார்கள். பேசுவதைப் பதிவு செய்து, பேசியவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டால் போதும். அவர் எதுவும் எழுதியிருக்க வேண்டியதில்லை. அதை முதலிலேயே யாரும் ஏன் சொல்லவில்லை என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் தோழியிடம் டேப் ரிக்கார்டர் இரவல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அக்கா ஷிப்டுக்குக் கிளம்பத் தலைவாரிக்கொண்டிருந்தாள்.

"நீ பேசுக்கா. இப்ப ஏத்துக்குவாங்க."

"அன்னிக்கி நீ எழுதினதும் இதே நான்தானே? அப்ப ஏன் ஏத்துக்கல?"

"அப்ப கையெழுத்து இல்லக்கா."

கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை. "வேற ஆளப் பாருலா. எனக்கு இதெல்லாம் வேணாம்."

பேக்டரி பஸ் ஹாரன் அடித்தது. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பிறகும் ஒருமுறை கேட்டுப் பார்த்தேன், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

அடுத்த புளோக்கில் இருந்த ஒரு அம்மாவிடம் போனேன். அவரும் தோட்டத்திலிருந்து வந்தவர்தான், அவருடைய மகனும் பாதியில் நின்றவன்தான். கேசட் ஓடி முடியும்வரை பேசினார், நடுவில் அழுதார். முடிந்ததும் எங்கே கையெழுத்துப் போடுவது என்று கேட்டுப் போட்டுக்கொடுத்தார். அந்தக் கட்டுரைக்கும் ஏ கிடைத்தது. அதை நான் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.