மெதுவாகப் பேசினேன், எழுந்து நின்றார்கள்

மூன்று வருடத்துக்கு முன், ஒரு மாசி மாதம். சேலத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் எங்கள் நாடகம் நடந்தது. நான் பள்ளிபாளையத்தில் ஒரு தறிப்பட்டறையில் நூல் சுற்றும் வேலை பார்க்கிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் நாடகக் குழுவில் நடிப்பேன். எப்போதும் வேலைக்காரி வேஷம்தான். அதற்கு எனக்கு ஒத்திகையே தேவைப்படாது.

அந்த முறை மில் முதலாளியின் மனைவியாக நடிக்க இருந்த பெண் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாள். வேஷம் என் தலையில் விழுந்தது. எனக்கோ தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. தறிகளுக்கு நடுவே ஒருக்களித்து நடந்து பழகிய உடம்பு. குழுவை நடத்தும் தம்பி, செல்போன் கடை வைத்திருக்கிறவர், நொந்துபோனார்.

“ஏனுங்கக்கா இப்படிக் கத்தறீங்க? அந்தம்மா கத்த மாட்டாங்க. மெதுவாத்தான் பேசுவாங்க. மத்தவங்கதான் கிட்ட வந்து கேக்கோணும்.”

உட்காரும்போது நாற்காலியைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. சுவரோரமாகப் போகாமல் நடுவில் நடக்க வேண்டும். முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. வேலை முடிந்து வந்து இதையெல்லாம் பழகுவதற்குள் இடுப்பு விட்டுப்போகும். சும்மா நிமிர்ந்து நிற்பதற்கு இத்தனை பாடா என்று இருக்கும்.

நாடகம் நல்லபடியாக முடிந்தது. நானும் வீட்டுக்காரரும் அயோத்தியாப்பட்டணத்தில் நாத்தனார் வீட்டில் தங்கினோம். காலையில் அவருக்கு வயிற்றில் பிடித்துக்கொண்டது. நேரம் ஆக ஆக நிமிரவே முடியவில்லை. ஆட்டோ பிடித்து அஸ்தம்பட்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

வரவேற்பில் இருந்த பெண் பெயரை எழுதிக்கொண்டு உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தோம். எங்களுக்குப் பின்னால் காரில் வந்தவர்கள் நேரே உள்ளே போனார்கள். வீட்டுக்காரர் பெஞ்சில் சுருண்டுகொண்டார், சட்டையெல்லாம் வேர்வை. நான் போய்ப் போய்க் கேட்டேன். “அவருக்கு ரொம்ப முடியலைங்க, கொஞ்சம் பாக்கச் சொல்லுங்க” என்று கெஞ்சினேன். என் தொண்டை வாகுக்கு அது அந்தக் கூடம் முழுக்கக் கேட்டிருக்கும். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “சத்தம் போடாதீங்கம்மா, கூப்பிடுவாங்க” என்றாள்.

திரும்பி வந்து அவரைத் தொட்டேன். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. மறுபடி போனபோது கத்துவதற்கு எனக்குத் தெம்பில்லை. முந்தானையை விட்டேன். கூடத்தின் நடுவே நடந்து அவள் முன்னால் போய் நின்று, அவள் நிமிரும்வரை பேசாமல் இருந்தேன்.

“டாக்டரை வரச் சொல்லு. இப்பவே.”

மெதுவாகத்தான் சொன்னேன். அவள் எழுந்து நின்றுவிட்டாள். “இதோ மேடம்” என்று உள்ளே ஓடினாள். சக்கர நாற்காலி வந்தது, டாக்டர் வந்தார். நான் உடுத்தியிருந்தது சாயம் போன பூனம் சேலை. அதை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

குடல்வால் வெடிக்கிற நிலையில் இருந்ததாம். உடனே ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள்.

நாங்கள் இருந்த பெஞ்சில் ஒரு கட்டிட வேலைக்காரர், கையில் ரத்தம் ஊறிய துண்டோடு மனைவியுடன் உட்கார்ந்திருந்தார். அவர்கள் எங்களுக்கு முன்பே வந்தவர்கள். அங்கிருந்த நர்ஸிடம் அதே குரலில், “இவரையும் பாருங்க” என்றேன். அவரையும் கூட்டிப்போனார்கள்.

அதன்பிறகு அந்தப் பெஞ்சில் உட்காரப் போனேன். கட்டிட வேலைக்காரரின் மனைவி சட்டென்று எழுந்து, முந்தானையால் பெஞ்சைத் துடைத்து, “நீங்க உக்காருங்கம்மா” என்று சுவரோரமாகப் போய் நின்றார்.

“ஐயோ, நானும் தறிக்குப் போறவதானுங்க! வாங்க, உக்காருங்க” என்றேன், என் சொந்தத் தொண்டையில். அவர் லேசாகச் சிரித்தார். ஆனால் நம்பவில்லை, உட்காரவும் இல்லை. அவர் வீட்டுக்காரர் கட்டுப் போட்டுக்கொண்டு வரும்வரை நின்றுகொண்டே இருந்தார். எனக்கு அவரோடு மல்லுக்கட்டத் தெம்பில்லை.

என் வீட்டுக்காரர் பிழைத்து வந்து மறுபடி தறிக்குப் போகிறார். நானும் இன்னும் நடிக்கிறேன். முதலாளியம்மா வேஷத்துக்கு என்னைத்தான் கூப்பிடுகிறார்கள், கைதட்டலும் வாங்குகிறேன். ஆனால் ஓர் உயிரைக் காப்பாற்றிய அதே குரல், என்னைப் போன்ற ஒருத்தியை நிற்க வைத்ததை நினைத்தால் இன்றைக்கும் உடம்பெல்லாம் ஓய்ந்துபோகிறது.