உசுப்பிவிட்ட அணுவைப் படம் பிடித்த கதை

கண்ணுக்குத் தெரியாததைப் படம் பிடிக்கிறேன் என்று சொல்லிச் சம்பளம் வாங்கும் பிழைப்பு என்னுடையது. லேப்பில் குப்பை கொட்டும் சகோதர சகோதரிகளே, நீங்களும் பட்டிருப்பீர்கள், கேளுங்கள்.

சில்லிட்ட சரக்கு

பாகூரில் கரும்பு போடும் என் மாமனாருக்கு என் வேலையை விளக்கினேன். ரூபிடியம் வாயுவை நாலாபக்கமும் லேசர் அடித்து அடக்கினால் சில்லிட்டுப் போகும். அதில் ஒன்றிரண்டு அணுக்களை இன்னொரு லேசரால் உசுப்பிவிட்டுப் படம் எடுக்க வேண்டும். வீராம்பட்டினம் தேர் லீவுக்குள் படம் விழாவிட்டால் கேமரா பக்கத்து லேப்புக்குப் போய்விடும், என் பிஎச்டி கோவிந்தா. எல்லாம் கேட்டுவிட்டு மனுஷர் சொன்னார்: "லேசர் அடிச்சா சில்லுனு ஆவுதா? இன்னாம்மா கத வுடற! நெசம்னா ஒண்ணு எடுத்தாயேன், வூட்டு ஃப்ரிட்ஜு ரிப்பேராயி கெடக்குது."

கதவு

எங்கள் லேப்பில் கதவைப் படாரென்று சாத்துவது கொலைக்குற்றம். சத்தத்தில் லேசர் நிலை தவறிவிடும். மறுபடி பிடித்து நிறுத்துவதற்குள் தாவு தீர்ந்துவிடும். அரியாங்குப்பத்திலிருந்து பைக்கில் வரும் என் கூட்டாளி அந்தோணி, தும்மல் வந்தால்கூட வராண்டாவுக்கு ஓடுவான். இந்த வியாதி எனக்கு வீடு வரை தொற்றிக்கொண்டது. திருபுவனை கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்த என் வீட்டுக்காரர் கதவைச் சாத்தியதும், "ஐயோ, மெதுவா!" என்று அலறிவிட்டேன். அவர் டிபன் பாக்ஸோடு அப்படியே நின்றார். "இங்க அணு கிணு ஒண்ணுமில்லடி, நான்தான் வந்திருக்கேன்."

தூசி

உசுப்பிவிட்ட அணு தானாகப் படத்தில் விழாது. ஆனால் ஒரு வீட்டில் சண்டை என்றால் தெருவே கூடி வழியை மறைக்குமே, அதுபோலச் சுற்றியுள்ள அணுக்கள் வெளிச்சத்தை மறைக்கும். அந்த நிழல்தான் எங்களுக்கு வேண்டும். தேர் நெருங்கிவிட்டது, படமெல்லாம் துடைத்துவிட்டாற்போல் சுத்தம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

துடைத்தது யார் தெரியுமா? சாட்சாத் நாங்களேதான்! கேமரா கண்ணாடியில் தூசி இருந்தால் படத்தில் கரும்புள்ளி விழும் என்று, எந்தப் புள்ளி வந்தாலும் அழிக்கும்படி ப்ரோக்ராம் எழுதி வைத்திருந்தோம். ஒரு நாள் காலை வெறுத்துப்போய், ப்ரோக்ராம் கைவைக்காத அசல் படங்களைப் புரட்டினேன். புள்ளி இதில் இங்கே, அடுத்ததில் அங்கே. தூசி எங்காவது படத்துக்குப் படம் இடம் மாறி உட்காருமா? உசுப்பும் லேசரை அணைத்தேன், புள்ளி இல்லை. போட்டேன், வந்தது! அணைத்து அணைத்துப் போட்டேன். வந்து வந்து போனது. அந்தோணி போட்ட கூச்சலில் லேசர் நிலை தவறியே விட்டது. நான் பதறியதற்கு அவன் சொன்னான்: "போனா போவுது வுடுபா! நம்ம ஆளு சிக்கிட்டாருல்ல!"

அட்டைப்பெட்டி

தேருக்கு முதல் நாள் பக்கத்து லேப்காரர்கள் கேமராவை எடுத்துப்போக அட்டைப்பெட்டியோடு வந்துவிட்டார்கள். லேசில் சிரிக்காத எங்கள் கைடு, திரையில் இருந்த புள்ளிகளை ஒருதரம் பார்த்தார், என்னை ஒருதரம் பார்த்தார். வந்தவர்கள் பக்கம் திரும்பிச் சொன்னார்: "பெட்டிய மட்டும் எடுத்துட்டுப் போங்க. கேமரா இந்தப் பொண்ணோடது."

ஆக, தேடியதையே துடைத்துத் துடைத்து எறிந்துகொண்டிருந்த எங்கள் இரண்டு பேருக்கும் இப்போது ஊரில் பெயர், விஞ்ஞானி.