பக்கத்து மேசைக் கம்ப்யூட்டர்

போன வாரம் படப்பையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் நின்றிருந்தேன். மகளுடைய மெஷின் திடீர் திடீரென்று அணைந்துபோகிறது என்று தூக்கிக்கொண்டு போயிருந்தேன். கடைக்காரர் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, காற்றுக் குழாயை வைத்து ஒரு அடி அடித்தார். சாம்பல் நிறத்தில் தூசி கிளம்பியது. சூடேறிய தூசிக்கென்று ஒரு வாசனை உண்டு, கவனித்திருக்கிறீர்களா? பழைய கம்பளியை இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும். அது மூக்கில் ஏறியதுமே எனக்கு ஜெனிஃபர் ஞாபகம் வந்துவிட்டது. கூடவே அவள்மேல் எனக்கிருந்த பொறாமையும்.

2010 வாக்கில் ஒரகடத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் டிசைனராக இருந்தேன். கார் கம்பெனிகளுக்கு ஃபிக்ஸ்சர் செய்துகொடுப்பது எங்கள் தொழில். ஃபிக்ஸ்சர் என்றால், காரின் கதவையோ தரைத்தகட்டையோ வெல்டிங் செய்யும்போது அது அசையாமல் கவ்விப் பிடித்துக்கொள்ளும் இரும்புச் சட்டம். அதைக் கம்ப்யூட்டரில் முழு உருவமாக வரைந்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, இடிக்கிறதா தட்டுகிறதா என்று சோதித்த பிறகுதான் கீழே ஷெட்டில் இரும்பை வெட்டுவார்கள். கோவில்பட்டியிலிருந்து டிப்ளமோவோடு வந்தவள் நான். பிள்ளைப்பாக்கத்தில் நாலைந்து பெண்களோடு ஒரு அறையில் வாடகைக்கு இருந்தேன். சாம்பார் என்ற பெயரில் மெஸ்காரர் கொடுத்ததைப் பற்றி இங்கே வேண்டாம், கட்டுரை திசைமாறிவிடும்.

ஜெனிஃபர் எனக்கு ஒரு வருஷம் கழித்துச் சேர்ந்தாள். படப்பைக்காரி. அவள் வந்த வாரத்தில்தான் கம்பெனிக்குப் புது கம்ப்யூட்டர் ஒன்றும் வந்தது. கறுப்பாக, உயரமாக, முன்னால் ஒரு நீல விளக்கோடு. மூத்தவள் நான்தானே, எனக்குத்தான் என்று மேசையைத் துடைத்துக்கூட வைத்திருந்தேன். முதலாளி வேல்முருகன் சார் அதை அவள் மேசையில் வைக்கச் சொல்லிவிட்டார். "உனக்கு அது பழகின மெஷின்மா, அதுலயே இரு" என்றார். எதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பார் மனிதர்.

பழகின மெஷின்தான். அந்தச் சமயத்தில் எனக்கு முதன்முதலாக ஒரு பெரிய வேலை கொடுத்திருந்தார்கள், பின்கதவு ஃபிக்ஸ்சர். ஃபைலைத் திறந்துவிட்டுப் போய் டீ குடித்து வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். திறந்த பிறகு கதவைக் கொஞ்சம் திருப்பினால் படம் விட்டுவிட்டு நகரும், நொண்டுகிற ஆடு மாதிரி. பிறகு ஸ்க்ரீன் முழுக்க வெள்ளையாக மூடுபனி படியும். மேலே 'நாட் ரெஸ்பாண்டிங்'. பக்கத்தில் ஜெனிஃபர் ஒரு காரின் மொத்தத் தரைத்தகட்டையும் பம்பரம் போலச் சுற்றவிட்டுக்கொண்டிருப்பாள். நான் என் வட்டத்தைப் பார்க்கமாட்டேன், அவள் பம்பரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

திங்கட்கிழமைகளில் அவள் டப்பாவில் ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்பு வரும். சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து அவள் அம்மா வைத்தது. ஒருநாள் ஊறிய குழம்புக்கு என்ன ருசி என்பது உங்களுக்குத் தெரியும். "சாப்புடுடி, உனுக்குன்னு தனியா வச்சினு வந்தேன்" என்று என் தட்டில் எலும்பும் சதையுமாகப் போடுவாள். சாப்பிடுவேன். சாப்பிட்டுக்கொண்டே, வீட்டிலிருந்து வேலைக்கு வருகிறவளுக்கு வேகமான மெஷினும் கிடைத்தால் அப்புறம் என்ன குறை என்று நினைப்பேன்.

சும்மா இருக்கவில்லை நான். தேவையில்லாத ஃபைல்களையெல்லாம் அழித்தேன். வைரஸ் தடுப்பைக் கொஞ்ச நேரம் நிறுத்திப் பார்த்தேன். படத்தில் நிழலையும் பளபளப்பையும் எடுத்தேன், போல்ட்டுகளை மறைத்துவைத்தேன். ஷெட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காற்றுக் குழாயால் தூசி அடித்தேன். போன வாரம் கடையில் மூக்கில் ஏறியது அந்த வாசனைதான். கடைசியில் தாம்பரத்திலிருந்து சர்வீஸ்காரர் வந்து புது ரேம் போட்டார். ஃபைல் சற்றுச் சீக்கிரம் திறந்தது. ஆனால் கதவு அப்படியேதான் நொண்டியது.

ரேம் வந்ததுதான் வினை. "மெஷினுக்குப் போடவேண்டியதெல்லாம் போட்டாச்சு. இனிமே நீதான்மா ஸ்பீடு காட்டணும்" என்றார் சார். பின்கதவை என்னிடமிருந்து எடுத்து ஜெனிஃபரிடம் கொடுக்கலாமா என்று ஷெட் சூப்பர்வைசரிடம் கேட்டுக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. அதற்குள் எனக்கு வரும் வேலை சுருங்கியிருந்தது. ஒரு கிளாம்ப், ஒரு தாங்கி, அப்புறம் வெறும் வாஷர் டிராயிங். மெஷினின் மந்தத்தை என்னுடையதாகவே ஆக்கிவிட்டார்கள். சில நாட்களில் எனக்கே அப்படித்தான் தோன்றியது.

ஒரு சனிக்கிழமை கார் கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்து, நல்ல மெஷின் என்று ஜெனிஃபர் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். அவள் நாற்காலியை இழுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "தள்ளு, ஒரு அளவு மட்டும் பாத்துக்குறேன்" என்று என் பின்கதவைத் திருப்பினாள். அது நகரவில்லை.

"இன்னாடி இது, இப்டி கீது?"

"நித்தமும் இப்படித்தான் கெடக்கு. நான் சொன்னா யாரு நம்புதா?" என்றேன்.

அவள் துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு மேசைக்கு அடியில் நுழைந்தாள். செல்போன் டார்ச்சை அடித்துக் கம்ப்யூட்டரின் முதுகைப் பார்த்தாள்.

"ஏய், இதுல கிராஃபிக்ஸ் கார்டு கீதுடி. கீழ தனியா கீது பாரு. அதும் துளைல மூடிகூட கழட்டல. ஸ்க்ரீன் வயரை மேல சொருகி வச்சிக்கிறாங்க."

விஷயம் இவ்வளவுதான். இந்த மாதிரிப் படங்களைச் சுழற்றுவதற்கென்றே ஒரு கார்டு வாங்கிப் போட்டிருக்கிறார்கள். ஆனால் ஸ்க்ரீன் கேபிளை அதில் சொருகாமல், மேலே இருந்த சாதாரணத் துளையில் சொருகிவிட்டார்கள். வாங்கிய நாளிலிருந்து கார்டு சும்மா இருந்திருக்கிறது. தூசி அடிக்கப் போன ஒவ்வொரு முறையும் நானே அந்தக் கேபிளைக் கழற்றி, துளை மாறிவிடக்கூடாது என்று பேனாவால் அடையாளம் வேறு போட்டு, அதே மேல் துளையில் பத்திரமாகச் சொருகியிருக்கிறேன்.

கேபிளை மாற்றி மறுபடி ஆன் செய்தோம். கதவு சுற்றியது. எண்ணெய் போட்ட மாதிரிச் சுற்றியது. ஜெனிஃபர் முழங்காலில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டு நேராக சாரிடம் போனாள். "சார், இவ ஸ்லோ இல்ல சார். வயரு தப்பா சொருகி இருந்துச்சு. இத்தினி நாளு அதுலயே இவ்ளோ வேல பண்ணிகீறா" என்றாள். வந்திருந்தவர்கள் எதிரிலேயே சொன்னாள். சார் என்னைப் பார்த்து, "அப்படியாம்மா?" என்றார். பின்கதவு என்னிடமே இருந்தது.

எனக்கு அழுகை வந்தது. நன்றியால் என்று நினைப்பீர்கள். பாதிதான். அதைக் கண்டுபிடிக்கவும் இவள்தானா என்பது மீதிப் பாதி.

பின்கதவு ஃபிக்ஸ்சரை முடித்தேன். ஷெட்டில் இரும்பாக நின்றபோது தொட்டுப் பார்த்தேன். கார் கம்பெனிக்காரர்களும் பெரிதாகக் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் உண்மையான கஷ்டம். இரண்டு மெஷினும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடின. ஜெனிஃபர் அப்போதும் எனக்கு முன்னால் முடித்துவிட்டாள். நான் அளவை எழுதிப் பார்த்துக்கொண்டிருப்பேன், அவள் கண்ணாலேயே இடத்தைப் பிடித்துவிடுவாள். முன்பென்றால் அந்த நீல விளக்கைக் காட்டி மனதைத் தேற்றிக்கொள்ளலாம். இப்போது காட்ட ஒன்றுமில்லை. புனேயில் பெரிய கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்தபோது எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தாள். எனக்கு இரண்டு துண்டு.

வேல்முருகன் சார் கம்பெனியை விற்றுவிட்டார். நாங்கள் உட்கார்ந்திருந்த மாடியை இடித்து, ஷெட்டை உயர்த்தி, யாரோ கிடங்காக்கிவிட்டார்கள். இப்போது நான் படப்பையில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். கம்பெனி எல்லோருக்கும் ஒரே மாதிரி லேப்டாப் அனுப்பிவிடுகிறது. கனமான வேலையெல்லாம் எங்கோ இருக்கிற பெரிய கம்ப்யூட்டரில் நடந்து, படம் மட்டும் இங்கே வருகிறது. மீட்டிங் என்றால் ஸ்க்ரீனில் சின்னச் சின்னக் கட்டங்களில் பெயர்கள் வரிசையாக நிற்கின்றன, முகம்கூடக் கிடையாது. அதில் ஒருத்தி நிச்சயம் என்னைவிட வேகமாக முடித்துக்கொண்டிருப்பாள். எவள் என்றுதான் தெரியவில்லை.