கிளினிக்குக்குப் போட்ட வெள்ளைச் சட்டை

யோசெப்பின் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். தையல் மெஷினை மிதித்துத் தம்பி சவுந்தரநாயகத்தைப் படிப்பித்தாள். துறைமுகத்தில் கப்பல் மூட்டைகளை எண்ணிப் பதியும் கிளாக் வேலை அவனுக்குக் கிடைத்த நாளில் தங்கள் வீடு இருந்த கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் தலை நிமிர்ந்து நடந்தாள். எழுபத்தாறு வயதிலும் அந்த நடை மாறவில்லை. தம்பிக்கு அறுபத்தொன்பது.

மனைவி செத்தபோது அவன் வாய்விட்டு அழுதான். ஆறு மாதத்தில் தேறினான். இம்முறை யாரும் சாகவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. போன மாரியில் ஒருநாள் கிரிக்கெட் வர்ணனையின் நடுவில் ரேடியோவை நிறுத்தினான். அதன்பிறகு அதைத் தொடவேயில்லை. தேத்தண்ணியில் தோய்த்த பாண் துண்டு கோப்பைக்குள்ளேயே கரைந்து கிடந்தது. பகல் முழுவதும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். ஞாயிறு பூசைக்கு ஏன் வரவில்லை என்று கேட்டவர்களுக்கு யோசெப்பின், "முழங்கால் நோ" என்றாள். எந்தக் கால் என்று ஒருத்தி கேட்டுவிட்டாள். வலது என்று வாயில் வந்தது. அன்றிலிருந்து பிசகாமல் எல்லோருக்கும் வலது என்றே சொன்னாள்.

பிரஷர் கிளினிக் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. முதல்நாள் மாலை சவுந்தரநாயகம் எழுந்து உட்கார்ந்தான்.

"அக்கா, நாளைக்கு டொக்டரிட்ட இதையும் சொல்லிப் பாப்பம்."

"எதையடா?"

அவன் நெஞ்சைத் தொட்டான். பிறகு தலையைத் தொட்டான். "இதைத்தான்."

"சரி, சொல்லு."

எத்தனையோ மாதத்தில் அவன் வாய்திறந்து கேட்ட ஒரே காரியம் அது.

காலையில் யோசெப்பின் அவனுடைய பத்து நாள் தாடியை வழித்தாள். நகம் வெட்டினாள். வெள்ளைச் சட்டையின் கொலருக்குக் கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் அயர்ன் பண்ணி மாட்டினாள். "கசங்கின சாரத்தோட போனா, பாக்க ஆளில்லாத மனிசன் எண்டெல்லோ கதைப்பினம்." அவன் கைகளை நீட்டிக் கொடுத்தான்.

கிளினிக்கின் நீள வாங்கில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாகேந்திரம் என்ற கிழவர் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆரிந்த மாப்பிள்ளை? பொம்பிளை வீட்டார் இன்னும் வரேல்லையோ?"

வாங்கு முழுவதும் சிரித்தது. யோசெப்பினுக்குப் பெருமைதான். "என்ர தம்பி. ஹாபரில கிளாக்கா இருந்தவர்."

"குடுத்து வச்சவர். என்ர சட்டை நேற்றுப் போட்டது. மாத்தினா என்ன, மாத்தாட்டி என்ன. ராவில நித்திரையில்லை, பகலில பசியில்லை. மகனிட்டச் சொன்னா, வயசு போனா அப்பிடித்தானாம்."

"எனக்கும் அதுதான்," என்றாள் எதிரே முக்காட்டோடு இருந்த லுத்பியா. "யாருக்கிட்ட இதச் சொல்ற?"

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. அவரவர் தங்கள் திகதி குறித்த கிளினிக் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டொக்டர் இளம்பெண். அறைக்குக் கதவில்லை, ஒரு திரை மட்டும். திரைக்கு அந்தப் பக்கம் வரிசையில் அவர்களுடைய ஒழுங்கைக்காரர் இரண்டு பேர் நிற்பது யோசெப்பினுக்குத் தெரியும்.

"நித்திரை, சாப்பாடு எல்லாம் எப்படி?"

"டொக்டர், எனக்கு... ஒண்டிலும்..."

"அவருக்கு ஒரு குறையுமில்லை டொக்டர்," என்றாள் யோசெப்பின், திரைக்கு வெளியேயும் கேட்கும்படி. "கொஞ்சம் வயசு. அவ்வளவுதான்."

டொக்டர் அவனுடைய மழித்த கன்னத்தையும் கொலரையும் பார்த்தார். "ஆளைப் பாத்தாலே தெரியுது. நல்லாப் பாக்கிறீங்க அம்மா."

எழுதியது பழைய பிரஷர் குளிசைகள்தான். அடுத்த திகதி மூன்று மாதம் கழித்து.

வீட்டுக்கு வந்து சவுந்தரநாயகம் சட்டையைக் கழற்றி, தானே மடித்து அவளிடம் கொடுத்தான்.

"நான் சொல்லத்தான் அக்கா போனனான்."

அன்று முழுவதும் அவளுக்குத் தையல் ஓடவில்லை. கொப்பியிலுள்ள திகதிக்கு முந்திப் போகலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை, திகதியென்றால் திகதி. "கதையடா தம்பி" என்று தினமும் கேட்டாள். அவன் சுவரிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

அடுத்த கிளினிக்குக்கு அவள் தாடியை வழிக்கவில்லை. கட்டியிருந்த கசங்கின சாரத்தோடேயே கூட்டிப்போனாள். நாகேந்திரம் வாங்கில் இல்லை. டொக்டரும் வேறு ஆள்.

"எப்படி இருக்கிறீங்க ஐயா?"

யோசெப்பின் உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"ஒரு குறையுமில்லை," என்றான் சவுந்தரநாயகம்.

"இல்லை டொக்டர்," அவள் பதறினாள். "சாப்பிடுறேல்லை, கதைக்கிறேல்லை, எழும்புறேல்லை."

"அப்படியா ஐயா?"

"அக்கா சும்மா பயப்பிடுறா."

டொக்டர் சிரித்து, ஒரு விற்றமினும் சேர்த்து எழுதினார். வெளியே அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்கள்.

ஒழுங்கை முகப்பில் ஓட்டோவை விட்டு இறங்கியபோது பூசைக்கு வரும் ஒருத்தி எதிர்ப்பட்டாள். "என்ன அண்ணை, முழங்கால் எப்பிடி?"

யோசெப்பின் உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். அவன் முந்திக்கொண்டான்.

"வலது கால்தான் பிள்ளை. கொஞ்சம் நோ."

பிறகு அந்தக் காலை மெல்ல இழுத்துக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தான்.