விடுப்பைப் பதிவு செய்யவும்

நம்புகிறவர்கள் நம்புங்கள், மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள். இது என் அக்காவுக்கு நடந்தது. கூடப் பிறந்த அக்கா. பேய், பிசாசு என்று யாராவது வாயைத் திறந்தால் "உங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்று எழுந்து போகிற ஆள். அவளே இதை என்னிடம் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. பயத்தால் அல்ல, வெட்கத்தால்.

பாடப் புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் சின்ன அலுவலகத்தில் அவளுக்கு வேலை. அவளுக்குக் கீழே ஏழு பேர். யாருக்கு எந்த வேலை, எப்போது கெடு என்பதெல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கும். கெடு தாண்டினால் நினைவூட்டல் மெயில் தானாகப் போகும். "உங்கள் பணி நிலுவையில் உள்ளது" என்று உப்புச் சப்பில்லாத ஒரு வரி. யாரும் அதைச் சட்டை செய்ததில்லை.

அக்கா உட்கார்ந்து அதை மாற்றி எழுதினாள். ஆளுக்கொரு பட்டப்பெயர், ஆளுக்கொரு குத்தல், எல்லோருக்கும் நகல். "முடித்தேன்" என்று அழுத்தும் வரை மணிக்கு ஒரு மெயில். பிழை திருத்துபவருக்கு அவள் வைத்த பெயர் ஆமை. ஐம்பதை நெருங்கிய மனிதர். ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படிப்பார். இரண்டே விரலால் டொக்... டொக்... என்று தட்டுவார். "ஆமையாரே! முயல்கூடத் தூங்கி எழுந்துவிட்டது. தாங்கள் எப்போது வந்து சேருவதாக உத்தேசம்?" என்று அவருக்கு மெயில் போகும். அலுவலகமே விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

ஒரு திங்கட்கிழமை காலை அவர் போன் செய்தார்.

"மேடம், நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு. ஆஸ்பத்திரில சேரச் சொல்றாங்க. ஒரு வாரம் லீவு போட்டுடுங்க."

லீவை அக்காதான் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். பதிந்தால்தான் மெயில் நிற்கும். "சரி, சரி" என்றாள். ஆனால் பதியவில்லை. கெடு வந்தாலே இவருக்கு நெஞ்சு வலியும் வந்துவிடும் என்று நினைத்தாள். மெயில்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.

வெள்ளிக்கிழமை அவர் இறந்துபோனார்.

"லீவு சொல்லியிருந்தாரா?" என்று மேலாளர் கேட்டார். யோசிப்பதற்குள் அக்காவின் வாய் முந்திக்கொண்டது. "இல்ல சார். சொல்லவே இல்ல."

இரண்டு நாள் கழித்து அவர் மனைவி போன் செய்தார். "அஞ்சு நாள் ஆஸ்பத்திரில கிடந்தாரே, ஆபீஸ்லேர்ந்து ஒருத்தர்கூட எட்டிப் பாக்கலையே. உங்ககிட்ட சொல்லிட்டேன்னு என்கிட்ட சொன்னாரேம்மா?"

அக்கா சொன்னாள், "எங்களுக்குத் தெரியாதுங்க."



"அப்ப என்கிட்ட பொய் சொல்லிட்டுத்தான் போயிருக்காரு."

போன் வைக்கப்பட்டது. அக்கா ஒரு வார்த்தை சொன்னால் போதும், செத்தவர் பெயர் சுத்தமாகிவிடும். சொன்னால் இவள் பெயர் நாறிவிடும். அவள் சொல்லவில்லை.

பத்து நாள் போயிருக்கும். மதியம். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். டிங்... அக்காவின் போனில் ஒரு மெயில்.

பணி: விடுப்பைப் பதிவு செய்யவும். கெடு: அந்தத் திங்கட்கிழமை. பணியைக் கொடுத்தவர் என்ற இடத்தில் இறந்துபோனவர் பெயர். கீழே இரண்டு வரி. "மேடம், தொந்தரவுக்கு மன்னிக்கவும். நேரம் கிடைக்கும்போது பதிந்துவிடுங்கள்."

பட்டப்பெயர் இல்லை. குத்தல் இல்லை. நகல் யாருக்கும் இல்லை. அந்த மரியாதைதான் அவளைச் சுட்டது.

கம்ப்யூட்டர் பார்க்கிறவரிடம் ஓடினாள்.

"அவர் கணக்கை அன்னைக்கே அழிச்சிட்டேனே மேடம். எங்க, காட்டுங்க... ஒண்ணுமே இல்லையே!"

அவர் கையிலிருந்து போனை வாங்கிப் பார்த்தாள். மெயில் இருந்தது. அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

அன்று முழுவதும் மணிக்கு ஒன்று. மறுநாளும்.

மறுநாள் சாயங்காலம் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். சமையலறையில் என்னோடு உட்கார்ந்து பூண்டு உரித்தாள். ஆறு மணிக்கு... டிங். ஏழு மணிக்கு... டிங். எட்டு மணிக்கு... டிங். நானே காதால் கேட்டேன்.

"யாருக்கா அது? எடுத்துப் பாரேன்" என்றேன்.

"ஆபீஸ்" என்றாள். உரித்த பூண்டையே திரும்பவும் உரித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் மதியம் அலுவலகத்தில் தனியாக இருந்தாள். விளக்குகளை அணைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

டொக்...

அவர் மேஜைப் பக்கம்.

டொக்... டொக்...

அங்கே கம்ப்யூட்டர் இல்லை. விசைப்பலகையும் இல்லை. போன வாரமே எடுத்துவிட்டார்கள். வெறும் மேஜை.

அக்கா எழுந்தாள். சத்தம் நின்றது.

உட்கார்ந்தாள்.

டொக்...

அவசரமே இல்லாமல். காத்திருப்பது போல...

அவள் விடுப்புப் பக்கத்தைத் திறந்தாள். திங்கள் முதல் வெள்ளி வரை. காரணம்: உடல்நலமின்மை. தகவல் தெரிவித்தாரா? ஆம்.

சேமித்தாள்.

சத்தம் நின்றது.

அப்படியே மேலாளர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் திட்டவில்லை. ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை என்று அக்கா சொன்னாள். அன்று சாயங்காலமே இறந்தவரின் வீட்டு முகவரியை வாங்கிக்கொண்டு போனாள். அதற்கு முன் அந்த வீட்டை அவள் பார்த்ததில்லை. அந்த அம்மாவையும் பார்த்ததில்லை.

கதவு திறந்தது.

"உள்ள வாங்கம்மா. நேத்து மாதிரி வாசல்லயே நின்னுட்டுப் போயிடாதீங்க."

அக்கா வாசற்படியிலேயே நின்றாள்.

"நேத்தா...?"

"ஏழு மணிக்கு வந்தீங்களே. அதான் எல்லாத்தையும் சொல்லிட்டீங்களே, மறுபடி எதுக்கு அழறீங்க? அவர் போன்ல கடைசியா கேட்டதைச் சொன்னீங்க பாருங்க... 'இனிமே போன் என் பொண்ணு கையிலதான் இருக்கும் மேடம், அந்த ஆமை மெயிலை அவ படிச்சிடுவா, லீவு போட்டுட்டா வராதுல்ல'ன்னு... அதைக் கேட்டப்புறம்தான் எனக்கு மனசு ஆறிச்சு. அவர் பொய் சொல்லலை."

அந்தப் பேச்சைக் கேட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் இறந்துவிட்டார். இன்னொருத்தி அதை அதுவரை யாரிடமும் சொல்லவில்லை, மேலாளரிடம்கூட. கேவலம் தாங்காமல் அந்த ஒன்றை மட்டும் விழுங்கியிருந்தாள். ஏழு மணிக்கு அவள் என் பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

உள்ளறைக் கதவருகே பள்ளிச் சீருடையில் அந்தப் பெண் நின்றிருந்தாள். கையில் அப்பாவின் போன். அக்கா அவள் பக்கம் திரும்பினாள். வாயைத் திறந்தாள்.

"பரவால்ல ஆன்ட்டி" என்றாள் அந்தப் பெண். "நேத்தே என் காலைப் பிடிச்சு மன்னிப்பு கேட்டுட்டீங்களே."